சங்கு ஊதாத வியாழக்கிழமை

நெருப்பெரிச்சல்
13.6.2025, வெள்ளி

வள்ளியாத்தாள் கார்மெண்ட்ஸ் நிர்வாகத்துக்கு,

இரண்டாம் லைன் சூப்பர்வைசர் செல்லத்தாய் எழுதுவது. சொந்தக் காரணங்களால் இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். அடையாள அட்டை, ஊசிப் பெட்டியின் சாவி, கம்பெனி கொடுத்த செல்போன் சிம் மூன்றையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். உடைந்த ஊசி நோட்டு என் மேசை மேல் இருக்கிறது. நேற்று வரைக்கும் சரியாக எழுதியிருக்கிறேன்.

மேலே உள்ளது ஆபீஸுக்கு. இனி எழுதுவது சுரேந்தர் சாருக்கு மட்டும். இதைக் கிழித்துவிட்டு மேல்பகுதியை ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். சொந்தக் காரணம் என்று எழுதுவதுதான் வழக்கமாம், ஆபீஸில் சொன்னார்கள். வழக்கப்படியே எழுதிவிட்டேன்.

நேற்று பதினொன்றேகால் மணிக்கு நீங்கள் சத்தமே இல்லாமல் வந்து நின்றீர்கள். நாற்பத்திரண்டு மிஷினும் நின்றிருந்தது. எல்லோரும் கட்டிங் மேசையைச் சுற்றி நின்றிருந்தோம். "ஏனுங்க செல்லத்தாயக்கா, இது கம்பெனியா, கல்யாண மண்டபமா?" என்றீர்கள். அது பரவாயில்லை. ஓனர் என்றால் கோபம் வரும். அதற்கப்புறம் சொன்னீர்களே, "நேரத்தைத் திருடறதுக்கு நீங்கதான் தலைவியா?" என்று. அந்த வார்த்தையை என்னால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை.

ஒரு ஊசி உடைந்தால் அதன் கடைசித் துணுக்கு வரை தரையில் தவழ்ந்து தேடி, நோட்டில் ஒட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் புது ஊசி வாங்கியிருக்கிறேன். பதினோரு வருஷமாக அப்படித்தான். என்னைப் பார்த்துத் திருட்டு என்ற சொல் உங்கள் வாயில் வந்தது. நாற்பத்திரண்டு பேர் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை.

உங்கள் அப்பா அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

செல்லத்தாய்

*

நெருப்பெரிச்சல்
17.6.2025, செவ்வாய்

செல்லத்தாயக்கா,

உங்கள் கடிதத்தின் மேல்பகுதியை ஃபைலில் வைக்கவில்லை. கீழ்ப்பகுதியைக் கிழிக்கவும் இல்லை. இரண்டும் என் மேசை டிராயரில் இருக்கின்றன. போனில் பேசலாம் என்றால் சிம்மைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் சொந்த நம்பரை லைனில் யாரிடம் கேட்டாலும் "தெரியாதுங்க சார்" என்கிறார்கள். பதினோரு வருஷம் கூடவே இருந்தவர்களுக்குத் தெரியாதாம். நம் வேன் டிரைவர் ராமர் மட்டும், சாமளாபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறீர்கள் என்றார். அதையும் வேன் டயரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பல்லடம் பக்கம் அட்டைப்பெட்டி எடுக்கப் போகிறவர் அவர்தான் என்பதால் அவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். சரக்கு ஏற்ற ஒன்பது நாள்தான் இருந்தது. ஆர்டர் கொடுத்த பையர் கம்பெனியின் குவாலிட்டி மேடம் மாடியில் அப்பாவோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குக் கீழே இறங்கி லைனைப் பார்க்கப்போகிறார். அந்த நேரத்தில் நான் உள்ளே வந்தால் ஒரு மிஷினும் ஓடவில்லை. எந்த ஓனருக்குத்தான் வயிறு எரியாது? சொன்ன வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

சத்தமில்லாமல் வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேவு பார்க்க வந்தேன் என்று நினைக்கிறீர்கள் போல. அப்படி இல்லை. என் காரின் சைலன்சருக்குள் ஒரு தகடு இருக்கிறது, வால்வு என்பார்கள். அது மூடினால் புகையும் சத்தமும் சுற்றி வளைந்து அடங்கி வெளியே வரும். திறந்தால் நேராக வந்து ஊரையே எழுப்பும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று காரே முடிவு செய்யும், நம்மைக் கேட்காது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முதல் ஒரு நிமிஷம் திறந்துகொண்டு கத்தும். "எதிர் ஊட்டுக் கொழந்த தெனமும் அழுவுதுங்க. நானு எப்படி அவங்க மொகத்துல முழிக்கறது?" என்று வீட்டுக்காரி யாழினி தினமும் சண்டை.

அதனால் போன செவ்வாய்க்கிழமை கோயமுத்தூர் போய் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்துக்கொண்டு வந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. டிக்கியில் கார்ப்பெட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, வால்வு மோட்டாருக்குப் போகும் ஒயரை நடுவிலேயே பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் கார் சொல்வது நடக்காது, நம் கையில் இருக்கிற ரிமோட் சொல்வதுதான் நடக்கும். ஒரு பட்டன் திறக்க, ஒன்று மூட. உண்மையைச் சொன்னால் இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சத்தத்தைக் கூட்டத்தான் வாங்குகிறார்கள். நான் வீட்டில் திட்டு வாங்காமலிருக்க வாங்கினேன். வியாழக்கிழமை காலையில் மூடியவன் திறக்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டாம் லைன் இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. காலர் ஒரு பக்கம் போகிறது, பட்டி ஒரு பக்கம் போகிறது. புதிதாகப் போட்ட பையன் எல்லோரையும் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிடுகிறான். அதற்கு ஒருத்தரும் திரும்புவதில்லை.

எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அன்றைக்கு மிஷின் ஏன் நின்றது? எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். வாயைத் தைத்து வைத்த மாதிரி நிற்கிறார்கள்.

சுரேந்தர்

*

சாமளாபுரம்
20.6.2025, வெள்ளி

சுரேந்தர் சாருக்கு,

கடிதம் கிடைத்தது. ராமர் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். "பதில் வாங்கிட்டு வரச் சொன்னாரு" என்றார். "நாளைக்கு மறுநாள் வாங்க, யோசிக்கணும்" என்று அனுப்பிவிட்டேன். என் தங்கச்சி வேல்விழி வீட்டில் பக்கத்துச் சுவரிலேயே எட்டுத் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் யோசிப்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆகிறது.

உங்கள் காரைப் பற்றி நீங்கள் விளக்கமாக எழுதினீர்கள். இப்போது நான் விளக்குகிறேன். உங்கள் காருக்கு எங்கள் லைனில் ஒரு பேர் உண்டு. சங்கு. மில்லில் ஷிப்ட் சங்கு ஊதுவார்களே, அதுதான். நீங்கள் கோயில் முக்கில் திரும்பும்போதே எங்களுக்குக் கேட்கும். அங்கிருந்து கேட் வரைக்கும் நாலு வேகத்தடை. உங்கள் கார் தரையோடு தரையாக இருப்பதால் ஒவ்வொரு தடையிலும் ஸ்டியரிங்கை ஒடித்து, குறுக்காக ஏற்றி, அடி இடிக்காமல் மெதுவாக இறக்குவீர்கள். அவ்வளவு வேகமான கார், கோயில் முக்கிலிருந்து கேட்டுக்கு வர மூன்று நிமிஷம் ஆகும். சைக்கிளில் வருகிற வாட்ச்மேனே உங்களை முந்திவிடுவார்.

அந்த மூன்று நிமிஷம் எங்களுடையது. "ஏட்டி, சங்கு ஊதிட்டு" என்று சித்ராதேவி முதல் மிஷினிலிருந்து குரல் கொடுப்பாள். பிசிறு வெட்டுகிற பெண்கள் போனைப் பைக்குள் போடுவார்கள். அயர்ன் மேசையில் ரேடியோ நிற்கும். பிரிக்க வேண்டிய பீஸ், கறை பட்ட பீஸ், கணக்கு உதைக்கிற பீஸ் எல்லாம் மேசைக்கு அடியில் போகும். நீங்கள் உள்ளே வரும்போது நாற்பத்திரண்டு முதுகும் ஒரே கோணத்தில் வளைந்திருக்கும். நீங்கள் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு மாடிக்குப் போவீர்கள். நாலு வருஷமாக நீங்கள் பார்த்தது நாங்கள் மூன்று நிமிஷத்தில் தயார் செய்த கம்பெனி சார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறக்க மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு டிரைவர் ராமர், கோயில் முக்கில் இருக்கிற பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மெயின் ரோட்டில் உங்கள் கார் வழக்கம்போல உறுமிக்கொண்டுதான் வந்தது. முக்கில் திரும்பியதும் சத்தம் அடங்கிவிட்டது. கார் ரிப்பேர் என்று நினைத்து அவர் டம்ளரோடு எழுந்து வந்து பார்த்திருக்கிறார். மறந்தவர் மெயின் ரோட்டில் எப்படி சத்தத்தோடு வந்தீர்கள்? என்னைத் திருடி என்றீர்கள். நான் உங்களை எந்தப் பேரும் சொல்லி அழைக்கவில்லை. ஆனால் பொய் எழுதத் தெரியாதவர்கள் பொய் எழுதக் கூடாது.

மிஷின் ஏன் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். லைனில் இருக்கிற யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் மூன்று லைனுக்கும் சேர்த்து இன்சார்ஜாகக் கூப்பிடுகிறார்கள். ஜூலை ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல இடம், காற்று வருகிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தப் புதுப் பையனிடம் சொல்லுங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார்கள்.

செல்லத்தாய்

*

நெருப்பெரிச்சல்
24.6.2025, செவ்வாய்

அக்கா,

பொய்தான் எழுதினேன். கோயில் முக்கில் நானேதான் மூடும் பட்டனை அமுக்கினேன். வேவு பார்க்க வேண்டும் என்று கிளம்பவில்லை, அதை நம்புங்கள். புதுப் பெட்டி கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சத்தமில்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. சின்னப் பையன் புத்தி. உள்ளே வந்து பார்த்ததும் அந்த ஆசை கோபமாகிவிட்டது. அப்புறம் அதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாத கம்பெனிக்குப் போனேன். மேசைக்கு அடியில் போகும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதனால் மேசைக்கு அடியில் பார்த்தேன். கட்டிங் மேசைக்குக் கீழே, நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டிக்குள், கழுத்து லேபிள்கள் இருந்தன. எல்லாம் தைத்துப் பிரித்தவை. ஒவ்வொன்றிலும் நூல் ஓரமாக, துணி கிழியாமல் வெட்டியிருந்தது. நூறு நூறாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. நீல எழுத்து லேபிள். இந்த வருஷ ஆர்டருக்குச் சாம்பல் எழுத்து. நீலம் போன வருஷத்தோடது.

ஸ்டோர்காரர் தப்பு என்று நினைத்துக்கொண்டு நேரே ஸ்டோருக்குப் போய் அந்த ஆர்டரின் அட்டையை எடுத்தேன். எந்த லேபிள், எந்த நூல், எந்தப் பட்டன் என்று ஒட்டி, ஓனர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதானே லைனுக்குக் கொடுப்பார்கள். அட்டையில் நீல லேபிள் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்து. தேதி ஜூன் பத்து.

ஜூன் பத்து நான் கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். பெட்டியை மாட்டி முடித்து, மெக்கானிக் வால்வைத் திறந்து மூடித் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ராமர் அட்டையோடு அங்கேயே வந்தார். டிக்கி மேல் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். "ஒருக்கா பாத்துட்டுப் போடுங்க சார்" என்று அவர் சொன்னதை உதட்டசைவில் பார்த்தேன். சத்தத்தில் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லிவிடலாம். கேட்டிருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன், அவ்வளவு குஷியில் இருந்தேன்.

ஆக, ஆயிரத்து நூற்றைம்பது பீஸில் தப்பு லேபிள் ஏறியதற்குக் காரணம் நான். அதைக் கண்டுபிடித்து லைனை நிறுத்தி, குவாலிட்டி மேடம் கீழே வருவதற்குள் பிரித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். அந்த நேரத்தில்தான் நான் பூனை மாதிரி வந்து உங்களைத் திருடி என்றேன். உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அந்த அட்டை இருந்திருக்கும். எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டியிருக்கலாம். மாடியில் இருந்த அந்த மேடத்துக்குக் கேட்டிருக்கும், ஆர்டரே போயிருக்கும். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நான் அதைக் குற்றம் செய்தவர் குனிவது என்று நினைத்தேன்.

ராமரை உட்கார வைத்துக் கேட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சொன்னார். மிச்சத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்து, சாம்பல் லேபிளை மாற்றித் தைத்து முடித்தீர்களாம், யாரும் சாப்பிடவில்லையாம். இரண்டு மணிக்கு அந்த மேடம் வந்து பார்த்துவிட்டு "குட்" என்றார். நான் சிரித்துக்கொண்டே "தேங்க்யூ" சொன்னேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

தப்பு முழுக்க என்னுடையது. என்னை மன்னிக்க வேண்டும் அக்கா.

சுரேந்தர்

*

சாமளாபுரம்
26.6.2025, வியாழன்

சாருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேல்விழி ஒரு தடவை சத்தமாகப் படித்தாள். தறி ஓட்டுகிற அக்காவும் வந்து கேட்டுவிட்டுப் போனார். அழுதேன் என்பதை மறைக்கவில்லை. நீங்களே தேடிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டிருந்தால் இவ்வளவு நிறைவு இருந்திருக்காது.

ஏன் உங்களிடம் முதலிலேயே வந்து சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் முதலில் சத்தம் போடுவீர்கள், அப்புறம்தான் கேட்பீர்கள். அந்தச் சத்தத்தில் யாராவது ஒருத்தர் வேலை போய்விடும். அன்றைக்குச் சொல்லியிருந்தால் அட்டையைக் கொண்டுவந்த ராமரைத்தான் முதலில் பிடித்திருப்பீர்கள். அதனால் நாங்கள் எங்களுக்குள்ளேயே சரி செய்து பழகிவிட்டோம். மனசு கெட்டவர் நீங்கள் இல்லை. போன வருஷம் சித்ராதேவிக்கு ஆபரேஷன் என்றபோது உங்கள் அம்மாவே ஆஸ்பத்திரியில் கூட இருந்தார்கள். வாய்தான் உங்களுக்கு முன்னால் போய்விடுகிறது.

மன்னிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். நீங்கள் கோபப்பட்டால் வீரபாண்டிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். திட்டியது லைனில், நாற்பத்திரண்டு பேர் முன்னால். மன்னிப்பு மட்டும் கவருக்குள் ஒட்டி வருகிறது. கவரை நான் ஒருத்திதான் பிரிப்பேன். நான் திரும்பி வந்து நின்றால், "ஓனர் பாவம் பார்த்து எடுத்துக்கொண்டார்" என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நினைக்கும். எனக்கு அப்படி வர முடியாது.

உங்களைச் சின்னவராக்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. முடியாது என்றாலும் பரவாயில்லை, உங்கள் மேல் இருந்த கசப்பு போய்விட்டது. அப்போதும் உங்கள் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வருவேன்.

செல்லத்தாய்

*

நெருப்பெரிச்சல்
30.6.2025, திங்கள்

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அப்பாவிடம் காட்டினேன். அவரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்துவிட்டு, "அதெல்லாம் வேண்டாஞ் சாமி. ஒருக்கா அவிங்க முன்னால தலை குனிஞ்சா அப்பறம் நிமிர உட மாட்டாங்க. சம்பளத்தக் கூட்டிக் குடுத்துக் கூட்டிட்டு வா" என்றார். அப்பா பொங்கியண்ணன் சொன்னால் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எழுந்து வந்துவிட்டேன். அம்மாதான் பின்னாலேயே வந்து, "அந்தப் புள்ள காசுக்கா போனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மன்னிப்புக் கேட்கக் கஷ்டமாக இருந்ததா என்றால், கஷ்டமாக இருந்தது. நாளைக்கு ஒரு பீஸ் தப்பாகப் போனால் நான் எப்படிக் கேட்பேன், யார் பயப்படுவார்கள் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. அப்புறம் தோன்றியது, பயந்தவர்கள் இதுவரை எதையும் என்னிடம் காட்டியதே இல்லையே.

சனிக்கிழமை நடந்ததை நான் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் கவருக்குள் போய்விடும். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரிடமும் உங்கள் நம்பர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இப்போது தினமும் வால்வை மூடிக்கொண்டுதான் வருகிறேன். முதலில் போரடித்தது. அப்புறம் காதுக்கு வேறு வேலை கிடைத்தது. மூன்றாவது வேகத்தடையில் கீரைக்காரம்மா என் காரைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று நாலு வருஷம் கழித்து இப்போதுதான் கேட்டது. அதை இங்கே எழுத முடியாது. கேட்டில் நின்றால் லைனில் ரேடியோ ஓடுவது கேட்கிறது, ஓடட்டும். ஒருநாள் உள்ளே சித்ராதேவி என்னைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, இது கம்பெனியா, கல்யாண மண்டபமா?" நான்தான் உள்ளே நிற்கிறேனோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கட்டும் என்று வெளியிலேயே நின்றுவிட்டு அப்புறம் போனேன்.

ஆனால் இப்படி வருவது நியாயமா என்றும் இருக்கிறது. உங்களுடைய மூன்று நிமிஷத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். நீங்கள் சொல்லுங்கள். பெட்டியைக் கழற்றிவிடட்டுமா, இல்லை கோயில் முக்கிலிருந்து திறந்தே வைத்துக்கொண்டு வரட்டுமா? வீட்டுக்கு யாழினி சொல்வது, கம்பெனிக்கு நீங்கள் சொல்வது என்று வைத்துக்கொள்கிறேன். என் கார், என் ரிமோட், ஆனால் முடிவு எதுவும் என்னுடையதில்லை என்று யாழினியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஐந்தாம் தேதி சனிக்கிழமை. ஞாபகம் இருக்கிறது.

சுரேந்தர்

*

சாமளாபுரம்
2.7.2025, புதன்

சுரேந்தர் சாருக்கு,

சனிக்கிழமை பதினொன்றரைக்குள் எனக்கு ஒன்பது போன் வந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தான்தான் முதலில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். நீங்களே போய் மெயின் சுவிட்சை அணைத்தீர்களாம். நாற்பத்திரண்டு மிஷினும் நின்றதும் எல்லோரும் கரண்ட் போய்விட்டது என்று எழுந்தார்களாம். அட்டையைக் கையில் தூக்கிக் காட்டி, "இது என் கையெழுத்துங்க. தப்பு என்னுது. செல்லத்தாயக்காவைத் திருடின்னு சொன்னேன், அதுவும் தப்புங்க" என்றீர்களாம். கடைசி வரிசையிலிருந்து யாரோ "சார், கேக்கல" என்றதும் நீங்கள் நடுவில் வந்து நின்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னீர்களாம். முதல் தடவை எல்லோருக்கும் கேட்டது சார். கேட்கவில்லை என்றது சித்ராதேவி. அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

உங்கள் அப்பா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுப் போனாராம். அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வீரபாண்டிக்கு நேற்றே வரவில்லை என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஏழாம் தேதி எட்டரைக்கு வந்துவிடுவேன். மனசு லேசாக இருக்கிறது. வேல்விழிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மாசமாவது இருப்பேன் என்று அரைக்கிலோ கருவாடு வாங்கி வைத்திருக்கிறாள்.

பெட்டியைக் கழற்ற வேண்டாம். மூடியே வாருங்கள். எங்களுக்கு மூன்று நிமிஷம் வேண்டாம் சார். தப்பு நடந்தால் மாடிக்கு வந்து நாங்களே சொல்கிறோம். நீங்கள் முதலில் கேளுங்கள், அப்புறம் சத்தம் போடுங்கள். அந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும். பிசிறு வெட்டுகிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வருத்தம். சங்கு சத்தம் இல்லாமல் சப்பென்று இருக்கிறதாம். ஆயுத பூஜை அன்றைக்குக் கம்பெனி வாசலில் காருக்குச் சந்தனம் வைக்கும்போது ஒரு தடவை முழுசாகத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். பயமில்லாமல் கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். எனக்கும் ஆசைதான்.

இனி எழுதுவது, வேலைக்கு வருவதற்கு முன்னால் எழுத வேண்டியது. உங்களிடம் கேட்டு வாங்கிவிட்டு நான் கொடுக்காமல் இருந்தால் அது நியாயமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பிள்ளைகள் டி-சர்ட் ஆர்டர் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அதில் இருநூற்று அறுபது பீஸுக்கு வலது கையை இடதிலும், இடது கையை வலதிலும் வைத்துப் பூட்டித் தைக்கச் சொன்னவள் நான். கட்டுப் பிரிக்கும்போது பார்க்காமல் கொடுத்துவிட்டேன். பிறகு தெரிந்து எல்லாவற்றையும் பிரித்து மாற்றினோம். பிரிக்கும்போது பதினோரு பீஸ் கிழிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கோயில் முக்கில் உங்கள் கார் சத்தம் கேட்டது. பதினொன்றையும் வேஸ்ட் துணி மூட்டைக்குள் திணித்துவிட்டேன்.

கடைசியில் எண்ணும்போது பதினொன்று குறைந்தது. கட்டிங்கிலேயே குறைத்து வெட்டிவிட்டார் என்று கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் அண்ணனை நீங்கள் எல்லோர் முன்னாலும் பேசினீர்கள். அவர் "நான் சரியாத்தான் வெட்டினேனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு துணிக் கட்டையும் இரண்டு தடவை எண்ணி, எண்ணியதைச் சாக்பீஸில் எழுதி வைக்கிறார். அந்தச் சாக்பீஸ் எழுத்தைத் தினமும் நான்தான் அழித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறேன்.

ஆகையால் திங்கட்கிழமை மெயின் சுவிட்சை நான் அணைப்பேன். நீங்கள் நின்ற அதே இடத்தில் நின்று சொல்கிறேன். அதற்கப்புறம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். ஆத்தப்பன் அண்ணனை மட்டும் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

செல்லத்தாய்